தண்ணீர் ஊற்றியது யார்?

பள்ளி விடுமுறை வந்தால்தான் இப்பக்கத்தில் எழுத நேரம் வாய்க்கிறது. இம்முறை என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வதற்காகவே எழுத அமர்ந்தேன்.

எங்கள் பள்ளியில் பயன்பாடின்றிக் கிடந்த சிறிய அறை ஒன்றைச் செடி வளர்ப்பு அறையாக மாற்றினோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் இரும்பு அடுக்குகளும் எல்.இ.டி. விளக்குகளும் வாங்கித் தந்தனர். சாலட் கீரை குளிர்ச்சியை விரும்பும் என்பதால், காலை முதல் பள்ளி முடியும்வரை குளிரூட்டியை 22 பாகையில் ஓடவிட்டோம். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் விரும்பி ஏற்றுக்கொண்டான்.

மூன்றாம் வாரம் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றின; அவற்றின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்தது. காலையில் கதவைத் திறந்தால் இலைகள் நனைந்தே இருக்கும். மாலையில் இலைமீது தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பலமுறை சொல்லியிருந்தேன். "டீச்சர், நான் சாயங்காலத்தில் ஊற்றவே இல்லை" என்றான் அவன். நான் நம்பவில்லை. வகுப்பார் முன்னிலையிலேயே கடிந்துகொண்டு, சாவியை வாங்கி ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அடுத்த வாரமும் இலைகள் நனைந்திருந்தன. அவளும் அதே மறுமொழியைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

விடையைக் காட்டியது என் மூக்குக்கண்ணாடி. ஒருநாள் குறிப்பேட்டை எழுதி முடித்து அறையைவிட்டு வெளியே வந்ததும் கண்ணாடி முற்றிலும் மங்கிவிட்டது. குளிரறையிலிருந்து வெளியேறும் எவருக்கும் நேர்வதுதான். துடைத்துக்கொண்டு நடந்தவள் பாதி வழியில் நின்றேன். பள்ளி முடிந்ததும் துப்புரவுப் பணிபுரியும் அக்கா குளிரூட்டியை நிறுத்திவிட்டு, சன்னல்களைத் திறந்து, தரையை ஈரத்துணியால் துடைப்பார். அப்போது இலைகளும் என் கண்ணாடியைப் போலவே குளிர்ந்திருக்கும் அல்லவா? மறுநாள் அந்நேரத்தில் சென்று பார்த்தேன். ஒருவரும் தண்ணீர் தொடவில்லை. இலை விளிம்பெங்கும் முத்து முத்தாக நீர்.

கணக்கு எளிதுதான். 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 22 பாகையில் 19 கிராம் அளவே தாங்கும். வெளிக்காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் அதில் 23 கிராம் நீராவி இருக்கும். அக்காற்று 22 பாகை இலையைத் தொட்டால் மிச்சமுள்ள நீர் எங்கே போகும்? மாலையில் சன்னலைச் சாத்திய பின், ஈர மண்ணும் செடிகளும் விடும் நீராவியும் சேர்ந்துகொள்ள, இலை விடியும்வரை காயாது. பூஞ்சை வித்து முளைப்பதற்கு அந்த ஈரமே போதும்.

இதற்கிடையில் எங்கள் ஈரப்பதமானியும் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அதைச் சோதிக்கச் செலவில்லாத வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பை இட்டு, கூழாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, கருவியோடு சேர்த்து இறுக்கமான உணவுப் பெட்டியில் ஓரிரவு வைத்தால் 75 விழுக்காடு காட்டவேண்டும். எங்களுடையது 69 காட்டியது. அன்றுமுதல் 6 கூட்டியே எழுதுகிறோம்.

இப்போது குளிரூட்டியை 26 பாகையில் வைக்கிறோம். கீரைக்குச் சற்று வெப்பம்தான், எனினும் தாங்குகிறது. குளிரூட்டியை நிறுத்தியபின் ஒரு மணி நேரம் கதவும் சன்னலும் திறப்பதில்லை. சிறிய மின்விசிறி இரவு முழுதும் சுழல்கிறது. தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் மண்ணுக்கு மட்டும். அக்காவிடம் விளக்கியபோது, "முன்பே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று சிரித்தார்.

அம்மாணவனிடம் வகுப்பார் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டுச் சாவியைத் திரும்பக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். அன்று மாலை குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தான்: "குளிரூட்டி 26. கதவு சாத்தியிருக்கிறது. இலை காய்ந்திருக்கிறது. நான் தண்ணீர் ஊற்றவில்லை." கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடுகள் இழுத்திருந்தான்.