மனு கொடுக்க எத்தனை நாள் கூலி?

அஞ்சல் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில் சில ஆண்டுகள் பழனி மலையில், கீழ்மலைப் பக்கம் ஒரு சிறிய அஞ்சலகத்தில் கழிந்தன. "கொடைக்கானல் பக்கமா? கொடுத்து வைத்தவர் சார் நீங்கள்" என்பார்கள் நண்பர்கள். ஏரியும் படகுச் சவாரியும் உள்ள கொடைக்கானல் வேறு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் என்று காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகிற கீழ்மலை வேறு. அங்கே தோட்டங்களில் கூலி வேலை செய்தும், காட்டில் தேன், கடுக்காய், நெல்லிக்காய் சேகரித்தும் வாழ்கிறவர்களில் பளியர் இன மக்கள் உண்டு. அரசுப் பட்டியலில் பழங்குடியினர்.

அஞ்சலகத்துக்கு வருபவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். மணியார்டர் பாரம் நிரப்பிக் கொடுப்பதில் தொடங்கி, மனு எழுதிக் கொடுப்பதும் மெல்ல என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் செய்தேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், வீட்டு மனைப் பட்டா, குடிநீர் என்று எத்தனையோ மனுக்கள். அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு பளியர் பெரியவர், பேத்தியின் சாதிச் சான்றிதழுக்காக வந்தார். பெண் பத்தாம் வகுப்பு தேறியிருந்தாள். மேலே படிக்க விடுதியில் இடம் வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும். பழங்குடியினருக்கான சான்றிதழைத் தமிழ்நாட்டில் தாசில்தார் தருவதில்லை; 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர்தான் தர வேண்டும். தகுதியில்லாதவர்கள் போலிச் சான்றிதழ் வாங்குவதைத் தடுக்கிற நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் சுமையைச் சுமப்பவர் யார் என்று பாருங்கள்.

பெரியவர் குடியிருப்பிலிருந்து பஸ் ஏற ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும். முதல் தடவை போனபோது அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை, அப்பாவின் சான்றிதழைக் கேட்டார்கள். அப்பாவுக்கு யார் சான்றிதழ் கொடுத்தது? மூன்றாம் தடவை, "மனு இங்கே பதிவாகவே இல்லையே" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கும் பேத்திக்கும் பஸ் கட்டணம், இருவருக்கும் ஒரு நாள் கூலி நஷ்டம்.

நான்காவது மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "ஐயா, போய்ச் சேந்துச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஒப்புகை அட்டையைப் பற்றி விளக்கினேன். பத்து நாளில் அது அலுவலக முத்திரையோடு திரும்பி வந்தது. அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது அதை மேசை மேல் வைத்தாராம். அதன் பிறகு "பதிவாகவில்லை" என்று யாரும் சொல்லவில்லை. விசாரணைக்கு ஆள் வந்தார், சான்றிதழும் வந்தது. ஆனால் அதற்குள் நவம்பர் ஆகிவிட்டது. பள்ளிச் சேர்க்கை முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. பெண் காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். நான் மாற்றலாகி வரும்வரை அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை.

இதில் யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விரட்டவில்லை. தூரமும் நாட்களும் சேர்ந்தே ஒரு படிப்பை நிறுத்திவிட்டன. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் குறை சொல்ல இடமே இல்லையா? நிறைய இருக்கிறது. திங்கள்தோறும் திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வட்டத் தலைநகரில் வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி. 1100 என்ற எண்ணில் முதல்வரின் உதவி மையம். 2021இல் சட்டம் இயற்றி அமைத்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் சென்னையில். தேசியப் பழங்குடியினர் ஆணையம் 2004 முதல் டெல்லியில். அதன் மண்டல அலுவலகங்கள் போபால், புவனேஸ்வர், ஜெய்ப்பூர், ராய்ப்பூர், ராஞ்சி, ஷில்லாங் ஆகிய ஊர்களில் அமைந்தன; தெற்கே ஒன்றுகூட அமையவில்லை.

மனுநீதிச் சோழன் கட்டிய ஆராய்ச்சி மணியை ஒரு பசு வந்து அடித்தது என்று படித்திருக்கிறோம். அந்தப் பசு திருவாரூரிலேயே இருந்தது. மலை மேல் இருந்திருந்தால் மணிக்கயிற்றைத் தேடி இறங்கி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்த மன்னன் பெயரில் கிராமங்களுக்கே அதிகாரிகள் வந்து மனு வாங்கும் மனுநீதி நாளும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் பஸ் போகிற ஊரோடு நின்றுவிடுகிறது.

ஓர் அதிகாரி நேரில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைவாழ் மக்கள் ஊரில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைக் கூட்டம் செய்த கொடுமைகளை நாடறியும். யாரிடம் புகார் சொல்ல வேண்டுமோ அவர்களே குற்றவாளிகள். ஊர் மக்களுக்காகக் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் போராடின. தேசிய ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி ஊருக்கே போய் மக்களிடம் கேட்டு அறிக்கை கொடுத்தார். வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கேட்பதற்கு ஒருவர் நேரில் வந்ததும் அந்த நியாயத்துக்கு ஒரு காரணம்.

சட்டத்துக்கும் இது தெரியும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் உரிமைக் கோரிக்கையைக் கிராம சபையில்தான் தொடங்கச் சொல்கிறது. கோரிக்கையைப் பெற்றதற்கு ஒப்புகை தர வேண்டும். கிராம சபை முடிவில் குறை இருந்தால் 60 நாட்களுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் முறையிடலாம். அவர் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் (1995) இன்னொன்றும் சொல்கின்றன: பாதிக்கப்பட்டவரும் சாட்சிகளும் விசாரணைக்கு வந்து போகப் பயணப்படியும் தினப்படியும் தர வேண்டும். ஏழைக்கு நியாயம் கேட்கவே செலவாகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இதைச் சாதாரண மனுக்களுக்கும் நீட்டித்தால் என்ன?

என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது மூன்றே விஷயம். ஒன்று, மாதம் ஒரு நாள், ரேஷன் போடுகிற அன்றே, குடியிருப்புக்குப் பக்கத்தில் மனு வாங்க வேண்டும்; அன்று எப்படியும் எல்லோரும் வருவார்கள். இரண்டு, தேதியும் எண்ணும் முத்திரையும் உள்ள ரசீது கையிலே தர வேண்டும். செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும் என்பது டவர் கிடைக்காத சரிவில் பதில் ஆகாது. மூன்று, பதிலை அந்த இடத்திலேயே ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும்.

என்னைப் போல ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடைக்கானலுக்குச் சீசனில் போகிறோம். அங்கேயோ உங்கள் ஊருக்குப் பக்கத்து மலையிலோ இப்படி ஒருவர் கையில் தாளோடு நின்றால், உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். எழுதியதைத் திருப்பி அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முடிக்கும் முன், ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.