பாலமும் மலையும்

கண்முன் நிற்கும் பொருளையெல்லாம் மனிதன் கண்டுவிடுகிறான் என்று கூறுவதற்கில்லை. சுவிற்சர்லாந்தின் லுசேர்ண் நகரில், உணவகமொன்றின் சமையற்கட்டில் உழைத்துவந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவருக்குப் பிலாத்துஸ் மலை அத்தகையதாகவே இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலுள்ள சாளரத்தில் அது நாள்தோறும் தெரிந்தது. ஆயினும் முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒருநாளேனும் அவர் அதன்மீது ஏறினாரல்லர். அது இந்நாட்டவரின் மலை என்ற எண்ணம், 1986இல் அகதியாக வந்த நாள் முதல் அவருள் உறைந்திருந்தது.

2019ஆம் ஆண்டுக் கோடையில் யாழ்ப்பாணத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். எண்பத்திரண்டு வயது, இனியொரு முறை வருவார் என்பது நிச்சயமன்று. ஆதலின் ஒரே நாளில் நகரையும் மலையையும் அவருக்குக் காட்டிவிடுவதென, அங்கேயே பிறந்து பல்கலைக்கழகத்திற் பயிலும் மகள் முடிவு செய்தாள்.

காலையில் நால்வரும் றொய்ஸ் ஆற்றைக் கடக்கும் சிற்றாலயப் பாலத்தில் நடந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் அமைந்த, கூரையிட்ட மரப்பாலம் அது. கூரையின் கீழே முக்கோணப் பலகைகளிற் பதினேழாம் நூற்றாண்டு ஓவியங்கள் தொங்கின. பாலத்தின் நடுப்பகுதியிலோ பல இடங்கள் வெறுமையாய் இருந்தன.

“ஏன் பிள்ளை, இதுகளிலை ஒண்டும் இல்லை?”

“எரிஞ்சு போச்சுது, அம்மம்மா.”

1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி அதிகாலையிற் பாலம் தீப்பற்றியது. அடுத்த ஏப்பிரல் மாதத்திலேயே அது மீளத் திறக்கப்பட்டது. ஆனால் ஓவியங்களுட் பெரும்பாலானவை மீளவில்லை.

அதுவரை பேசாதிருந்த தந்தை வாய் திறந்தார். “வேலை முடிஞ்சு வரேக்கை நான் பாத்தனான். கரையிலை சனம் நிண்டு அழுதது. எனக்கு அதிலை நிக்க ஏலாமற் போச்சு.”

மகள் வியந்து நோக்கினாள். மாமியாருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. 1981ஆம் ஆண்டு யூன் முதலாந் திகதி அதிகாலையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததையும், ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரானதையும் அறியாதவரல்லர் அவர். சனிக்கிழமைகளில் அங்கிருந்து வாசித்த ஆசிரியை அவர். 2003இல் நூலகம் மீளத் திறக்கப்பட்டதையும் கண்டவர்.

“கட்டிடம் எழும்பிச்சுது, தம்பி. ஏடுகள் எழும்பேல்லை. இவங்கள் வெறுமையை மூடாமல் விட்டது நல்லது.”

பின்னர் கிறியன்ஸ் சென்று, தொங்கு வண்டியில் ஏறிப் பிறேக்முந்தெக் என்னுமிடத்தை அடைந்தனர். அங்கிருந்து மாமியாரும் மனைவியும் வடவூர்தியில் உச்சிக்குச் சென்றனர். தந்தையும் மகளும் நடந்தனர். அவர் அணிந்திருந்தவை சமையற்கட்டில் வழுக்காதிருக்க வாங்கிய சப்பாத்துகள். செங்குத்தான பாதையில் மூச்சு வாங்கவே, கிளிம்சன் சிற்றாலயத்தருகே இருவரும் அமர்ந்தனர்.

மகள் மலையின் கதையைச் சொன்னாள். இயேசுவுக்குத் தீர்ப்பளித்த பிலாத்துவின் ஆவி இங்குள்ள சிறு குளமொன்றில் உறைகிறது. தொந்தரவு செய்தால் புயல் எழும் என மக்கள் அஞ்சினர். ஆதலின் நகரத்தார் மலையேறுதலைத் தடைசெய்தனர். 1387இல் தடையை மீற முயன்ற குருமார் அறுவர் சிறையிடப்பட்டனர். 1585இல் லுசேர்ண் பங்குக் குரு ஒருவர் ஊராருடன் ஏறிச்சென்று குளத்திற் கல்லெறிந்தார். புயல் எழவில்லை.

“ஒரு கல்லெறிய இருநூறு வருசமோ?” என்று சிரித்தார் தந்தை. சிறிது நேரங் கழித்து, “எனக்கு முப்பத்து மூண்டு” என்றார்.

உச்சியில் மாமியார் புட்டுப் பொதியை அவிழ்த்து வைத்திருந்தார். பிலாத்துஸின் அதியுயர் சிகரம் 2128 மீற்றர் என மகள் பெருமையுடன் கூறினாள். குமரிப் பருவத்திற் சிவனொளிபாதமலை ஏறியவர் பேத்தி, அதன் உயரத்தையும் தேடிப் பார்த்தாள்: 2243 மீற்றர். “அப்ப உங்களிலும் உயர ஏறினவள் நான்தான்” என்றார் அம்மம்மா. எல்லோரும் சிரித்தனர்.

இறங்கும்போது 1889இல் திறக்கப்பட்ட பற்சக்கரப் புகைவண்டிப் பாதை. நூறு மீற்றருக்கு நாற்பத்தெட்டு மீற்றர் வரை சரியும் அப்பாதை, அவ்வகையில் உலகிலேயே மிகச் செங்குத்தானது. முதியவர் மருமகனின் கையை இறுகப் பற்றியிருந்தார். அடிவாரத்திலிருந்து கப்பலில் ஏறி ஏரிவழியே நகர் திரும்பினர்.

மறுநாள் சாளரத்தில் மலை முன்போலவே நின்றது. அருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன், அண்மையில் வந்த எரித்திரிய இளைஞன். அவர் ஈரக்கையால் மலையைச் சுட்டி, எந்த இடத்தில் வண்டியை விட்டிறங்கி நடக்க வேண்டும் என்பதை அவனுக்கு ஜேர்மன் மொழியில் விளக்கத் தொடங்கினார்.