இரண்டு தராசுகள்

முகத்தைப் பார்த்தே மனிதரை எடை போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை நம்மில் அநேகருக்கு உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அது சற்று அதிகம். கதையில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. பரீட்சகர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்தால், யாரோ ஒருவருடைய வாழ்க்கை திசை மாறிவிடுகிறது.

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, மனநல ஆலோசகராவதற்கான எம்.எஸ்ஸி. படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் மனுப் போட்டாள். மனநோயால் அவதிப்பட்ட தாயாரைப் பல வருஷம் கவனித்துக்கொண்டவள். அதை இரண்டு மனுக்களிலும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாள். ஓரிடத்தில், "இந்த அநுபவம்தானம்மா உன் மூலதனம்" என்றார்களாம். மற்றோரிடத்தில், "வீட்டுச் சுமையையே இறக்கி வைக்காத நீ ஊரார் சுமையை எப்படித் தாங்குவாய்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். பெண் ஒருத்திதான்; மனுவும் ஒன்றுதான். தராசுதான் வேறு.

அப்படியானால் பேட்டியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். நிறைய மார்க் வாங்கியவர் பிறர் துக்கத்துக்குக் காது கொடுப்பார் என்று என்ன நிச்சயம்? ஆனால் பேட்டியில் ஜெயிக்கிறவர் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிறவர். இந்தத் தொழிலுக்கு வேண்டியவரோ நன்றாகக் கேட்கிறவர்.

பேட்டியின் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு, வைத்தியப் படிப்பில் ஓர் உதாரணம் உண்டு. 1979-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் சட்டசபை, ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியின் 150 இடங்களை 200 ஆக்கச் சொன்னது. பேட்டிக்குப் பிறகு ஒதுக்கப்பட்டவர்களிலிருந்து 50 பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பிற்பாடு பார்த்தால், படிப்பிலும் சரி, ஆஸ்பத்திரிப் பயிற்சியிலும் சரி, முதலில் பொறுக்கி எடுத்தவர்களுக்கு அவர்கள் சளைக்கவில்லை.

நம் நாட்டிலும் 1980-ல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில், இரண்டு மூன்று நிமிஷப் பேட்டிக்கு மொத்த மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்ததைச் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது; 15 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றது.

பரிகாரம் கஷ்டமானதல்ல. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். எந்தப் பதிலுக்கு எவ்வளவு மார்க் என்பதை முன்னாலேயே எழுதி வைக்கட்டும். கலந்து பேசுமுன் அவரவர் மார்க்கைத் தனித்தனியே போடட்டும்.

"இதெல்லாம் யந்திரத்தனம், ஆளைப் பார்த்ததும் உள்ளுணர்வு சொல்லிவிடும்" என்பார்கள். அந்த உள்ளுணர்வு எதைப் பார்த்து மயங்குகிறது? நம் ஊர், நம் ஜாதி, நமக்குப் பழகிய இங்கிலீஷ் உச்சரிப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவரை அவசரப்பட்டுத் தீர்ப்பிடாமல் கேட்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம். பரீட்சகர்களும் அதைக் கற்றுக்கொண்டு நாற்காலியில் உட்காரட்டுமே.