இருபத்தைந்து மில்லிமீட்டர்

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு முதன்முதலில் ரயில் ஓடியது 1898-ல். பாதை பிரெஞ்சு அரசுக்குச் சொந்தம். வண்டியை ஓட்டியது ஆங்கிலேயக் கம்பெனியான தென்னிந்திய ரயில்வே. பகைமை ஐரோப்பாவோடு போகட்டும் என்று வைத்துக்கொண்டார்கள் போலும். 1954-ல் காரைக்கால் இந்தியாவோடு இணைந்த பிறகும் அந்த மீட்டர்கேஜ் ஓடிக்கொண்டிருந்தது. 1980களின் பிற்பகுதியில் நின்றுபோனது; பிறகு தண்டவாளமும் போய்விட்டது. 2011-ல் நாகூர் வழியாகக் காரைக்காலுக்கு அகலப்பாதை வந்தாலும், பேரளம் பக்கம் மட்டும் விடுபட்டே கிடந்தது.

அங்கே மறுபடி பாதை போடும் வேலை நடந்தபோது திருநள்ளாற்றுப் பக்கம் போனேன். சனீஸ்வரன் கோயில் கூட்டத்தைப் பற்றியும் துறைமுகத்து நிலக்கரியைப் பற்றியும் எழுத ஆளுண்டு. எனக்குத் தண்டவாளங்களை ஒட்டும் தெர்மிட் வெல்டிங்கைப் பார்க்க வேண்டும்.

வெல்டர் விழுப்புரம் பக்கத்துக்காரர். உதவிக்கு இருந்த பையன்கள் ஜார்க்கண்ட்காரர்கள். அவர் பாதி இந்தியும் பாதி கைச்சைகையுமாக வேலை வாங்கினார். இரண்டு தண்டவாள முனைகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு மீட்டர் நீள இரும்புப் பட்டையை மேலே வைத்துக் குனிந்து பார்த்து, ஆப்பைத் தட்டித் தட்டி, இணைப்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கினார். நேராக இருந்ததை ஏன் கெடுக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"இப்ப நேரா வச்சா, ஆறுனப்புறம் பள்ளம் விழுந்துரும் சார். மேல்பக்கம் கூடுதலா சுருங்கும்ல."

ஆறிய பிறகு எப்படியிருக்கும் என்பதைச் சூடேற்றும் முன்பே கணித்துவிட வேண்டும். இந்த வேலையின் கெட்டிக்காரத்தனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்பேன், நெருப்பெல்லாம் பார்க்கிறவர்களுக்குத்தான். அப்புறம் மணல் அச்சை இருபுறமும் பொருத்தி, விளிம்புகளை ஈரமணலால் பூசி அடைத்தார்கள். நடுவில் பர்னர் இறங்கியது. வெல்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரும்பின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையே மேலே குருசிபிள் என்ற உருக்குக் கலத்தில் 'போர்ஷன்' நிரம்பியிருந்தது: இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்த கலவை.

"அண்ணே, கடலோரக் காத்து இதுக்கு ஆகுமா?" என்றேன்.

"ஆகாது சார். மூட்டை நமுத்திருந்தா தொடமாட்டேன். குருசிபிள்ள ஈரம் இருந்தா தெறிச்சிரும். மழ வந்தா அன்னிக்கு வேல கெடயாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

பற்றவைத்ததும் வெள்ளை வெளிச்சம். ஆக்சிஜனை அலுமினியம் பறித்துக்கொள்ள, 2,000 டிகிரியைத் தாண்டிய சூட்டில் இரும்பு உருகி அடியில் தங்குகிறது. கசடு மேலே மிதக்கிறது. சில நொடிகளில் அடியிலுள்ள அடைப்பு தானே உருக, இரும்பு அச்சுக்குள் பாய்ந்தது. அச்சை உடைத்து, சிவப்பு மாறுவதற்குள் மிகுதியை வெட்டியெறிந்து, ஆறியபின் கிரைண்டர் போட்டார்கள்.

ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1895-ல் காப்புரிமை கேட்ட முறை இது. அதை வைத்து 1899-ல் எஸ்ஸன் நகரத்து டிராம் பாதையை ஒட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் திறந்த காரைக்கால் பாதையோ பிஷ்பிளேட் என்ற இணைப்புத் தகடும் போல்ட்டும் பூட்டியது. வெயிலில் நீள இடம் வேண்டுமென்று அங்கங்கே இடைவெளி விட்டிருப்பார்கள்; வண்டி 'தடக் தடக்' என்றது அந்த இடைவெளிகளில்தான். இன்றைக்கு அந்த இடம் கொடுப்பதில்லை. ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் 10 டிகிரி சூடேறினால் 11 சென்டிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். அதை நீளவிடாமல் பிடித்து வைத்திருப்பவை கான்கிரீட் ஸ்லீப்பரும் கிளிப்பும் ஜல்லியும். ஜல்லி குறைந்தால் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். டெல்டாவின் களிமண்ணில் மண்மேட்டைக் கெட்டிப்படுத்துவதற்கே தனிப் பாடுபட்டதாக மேஸ்திரி சொன்னார்.

ஒட்டு முடிந்ததும் பக்கவாட்டில் ஒரு சின்ன அலுமினியத் தகடு ஏறியது. இணைப்பு எண், மாதம், வருடம், வெல்டரின் குறியீட்டு எண் எல்லாம் அதில் உண்டு. பெயர் கிடையாது.

"ஒடஞ்சா மொதல்ல இந்த நம்பரத்தான் தேடுவாங்க," என்றார் அவர். ஒடியாவிட்டால் யாராவது தேடுவார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, அடுத்த இணைப்புக்கு ஆப்பை எடுத்துவரச் சொல்லிப் பையனுக்குக் கைகாட்டினார்.