கழுகுக்கு ஏன் கைகள்?

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கில இலக்கியத்தை மீட்டும்போது, அணிகளின் பெயர்களை நிறம் நிறமாய்க் கோடிட்டு வைப்பது எங்கள் வகுப்பு வழக்கம். டெனிசன் 1851இல் வெளியிட்ட 'கழுகு' ஆறே வரிகள்தான். அதற்கே பேனைகள் தீர்ந்துவிடும்.

ராத்தா என் கொப்பியைப் புரட்டினார். "பேரெல்லாம் சரிதான். கழுகுக்கு ஏன் கை?" என்றார்.

வரிகளை வாய்விட்டு வாசித்தேன். முதல் வரியில் 'க்' ஓசை மூன்று தடவை முட்டுகிறது; பாறையைப் பற்றிய பிடியின் இறுக்கம் நாக்கிலேயே தெரிகிறது. தமிழில் மோனை படித்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஓசையைத்தான் கேட்கவேண்டும். (முழங்காலுக்கான சொல் 'கே'யில் தொடங்கியும் அந்த ஓசை இல்லையே!)

கை என்றதும் பறவை ஒரு கிழட்டு அரசனாகிவிடுகிறது. தனியாக, உயரத்தில், கோணிய விரல்களோடு. ஐந்து வரிகள் அது அசைவதே இல்லை. கீழே கடல்கூட மெல்லத்தான் நகர்கிறது. கடைசி வரியில் இடியாய் விழுகிறது. அந்த உவமைக்கு வேகம் கொடுத்தது முன்னிருந்த அசைவின்மைதான். உவமை என்று பெயர் மட்டும் எழுதினால் இது விடைத்தாளில் வராது.

இப்போது அணியின் பெயருக்குப் பக்கத்தில் 'அதனால் என்ன?' என்றொரு நிரல் போட்டிருக்கிறேன். உவமைக்கு நேரே நிரப்பியாயிற்று. கடலுக்கு நேரே இன்னும் வெறுமையாக இருக்கிறது.