அம்மாவின் ஒப்பு

எங்கள் ஊரில் முன்பெல்லாம் வயலை விதையால் அளப்பார்கள். ஒரு கோட்டை விதைப்பாடு, ஐந்து மரக்கால் விதைப்பாடு என்று. எவ்வளவு விதைநெல் வேண்டுமோ அதுதான் வயலின் அளவு. போன வருஷம் தம்பி கொண்டுவந்த காகிதத்தில் அம்மாவின் வயல் சென்ட் கணக்கில் இருந்தது. குளத்துக்குக் கீழே பன்னிரண்டு பேருடைய வயல்களைச் சேர்த்து வில்லா வீடுகள் கட்டப் போகிறார்களாம். நஞ்சையைக் குடியிருப்பு மனையாக மாற்ற விண்ணப்பம். அம்மா ஒப்புப் போட வேண்டும். கையெழுத்தை நாங்கள் ஒப்பு என்போம். சம்மதத்துக்கும் அதே சொல்தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது.

வயல் மனையாகும் விதம் இங்கே எல்லோருக்கும் தெரியும். முதலில் கன்னிப்பூ சாகுபடியை விடுவார்கள், அப்புறம் கும்பப்பூவை. வாழையோ தென்னையோ வரும். பிறகு ஒரு ராத்திரி செம்மண் லாரி வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நெல்வயலைக் காக்க 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூரோடு அந்தப் பக்கம்தான் இருந்தோம். சட்டம் இருப்பதால் அங்கே வயல் அழியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குப் போட ஒரு பிடியாவது இருக்கிறது. இங்கே 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அடுத்த வருஷமே பழைய மனைகளைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது.

அக்டோபர் 2 கிராமசபைக்கு நானும் போனேன். ஆண்களுக்கு நாற்காலி, நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களுக்குத் தார்ப்பாய். தலை எண்ணிக்கைக்கு அவர்கள் வேண்டும். பேசியதெல்லாம் நாற்காலிகள்தான். நெல்லில் என்ன மிச்சம், அறுப்பு இயந்திர வாடகைக்கே காணாது, பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள், யார் வரப்பு வெட்டுவது? அதில் பொய் ஒன்றும் இல்லை. நான் எழுந்து பேச்சிப்பாறைத் தண்ணீரைப் பற்றியும் தேரூர்க் குளத்துப் பறவைகளைப் பற்றியும் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன்.

தார்ப்பாயிலிருந்து ஒரு அக்கா கேட்டாள்: "நீங்க இப்ப இருக்க வீடு என்னதுல கெட்டுனது?"

நாகர்கோவிலில் நான் கடன் வாங்கிக் கட்டிய வீடு நிரப்பிய வயலில்தான் இருக்கிறது. முதல் மழைக்காலத்தில் கட்டிலுக்கடியில் தவளை கத்தியது. அந்த அக்கா எங்கள் வயலில் முப்பது வருஷம் நாற்று நட்டவள். வரப்பில் என்னைப் 'பிள்ளே' என்றுதான் கூப்பிடுவாள். சபையில் 'நீங்க' ஆகிவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. "வயலு கெடந்தா எனக்கு நடவு. வீடு வந்தா பாத்திரம் கழுவ வேலை. ரெண்டுலயும் எம்பேருல ஒரு சென்டு இல்ல. காலனியில மூணு சென்டுக்கு எத்தன வருசமா எழுதிக் குடுக்கோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. தெருவிளக்குப் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

பெயர் இருந்தவர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எங்கள் சமுதாயத்தில் மருமக்கள்வழி இருந்தது. வம்சம் தாய்வழி, சொத்தை ஆண்டது காரணவரான மாமன். கவிமணி அதைக் கேலி செய்து மருமக்கள்வழி மான்மியம் எழுதியபோது, கதையைச் சொல்ல ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியைத்தான் பிடித்தார். 1926இல் நாஞ்சில்நாடு வேளாளர் சட்டம் வந்து, மருமக்கள்வழி போய் மக்கள்வழி வந்தது. மாமன் இருந்த இடத்தில் அப்பாவும் அண்ணன் தம்பிகளும் வந்தார்கள். அம்மாவின் வயல் அவள் பெயரில்தான் பட்டா. குத்தகை பேசியது அப்பா, நெல் விற்றது அப்பா, இப்போது விலை பேசியிருப்பது தம்பி. எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவளிடம் ஒன்று கேட்கிறார்கள். அதுவும் ஒப்பு.

விற்கக் கூடாது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நானும் இன்னொரு காரணவர். முட்டுவலிக்கு அறுவை சிகிச்சை செய்ய அவளுக்குப் பணம் வேண்டும். அதை மகனிடம் கேட்டு வாங்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கும் விற்க ஆசை இருக்கலாம்.

"முழுசும் வாசி" என்றாள். வாசித்தேன். சர்வே எண், நான்கெல்லை, முப்பதடிச் சாலை, பூங்காவுக்கான இடம். மூன்றாம் பக்கத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நம்ம வயலுக்க தெக்கு மடை இதுல எங்க இருக்கு?"

தேடினேன். மடை அதில் இல்லை. மேல்வயலில் நிறைந்து எங்கள் மடை வழியாக இறங்கும் தண்ணீரில்தான் கீழே ஏழு வயல் விளைகிறது. அதில் ஒன்று, கணவன் இறந்தபிறகும் தானே நின்று பயிர் செய்கிறவளுடையது. அந்தப் பன்னிரண்டு பேரில் அவள் கிடையாது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை.

"மடைய அடைச்சா அவளுக்கு தண்ணி எப்பிடி போவும்? அத கேட்டு எழுதிட்டு வரச்சொல்லு. பொறவு ஒப்புப் போடுகதா வேண்டாமான்னு நான் பாக்குதேன்."

தம்பி வெள்ளிக்கிழமை வருகிறான். காகிதம் அரிசிப் பானை மூடியின் மேல் இருக்கிறது.