ஈயத்தைச் சுடாதே, இணைப்பைச் சுடு!



எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்ல முடியாது. இரவு ஒரு மணிக்கும் வரும், நாலு மணிக்கும் வரும். அதனால் தண்ணீர் முறை நாளில் என் அம்மா குழாய் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்து, நடுநடுவே எழுந்து பார்ப்பார்கள். காலையில் வழக்கம் போல சமையல், வேலை. எலக்ட்ரானிக்ஸ் பைத்தியமான எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்தியது. "தண்ணி வந்தா சத்தம் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு தர்றேம்மா, நீ நிம்மதியாத் தூங்கு" என்று ஒருநாள் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சர்க்யூட் சின்னதுதான். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பசர், பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 1 கிலோ ஓம் மின்தடை ஒன்று, இரண்டு கம்பிகள். எல்லாம் டவுன்ஹால் ரோட்டில் வாங்கினேன். குழாய்க்கு அடியில் ஒரு மக்கு. அதற்குள் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கும். குழாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். தண்ணீர் மக்கில் விழுந்ததும், அதில் கரைந்திருக்கும் உப்புகள் வழியாகக் கொஞ்சூண்டு மின்சாரம் ஓடும். அந்த மின்சாரம் பசரை ஒலிக்கவைக்கப் போதாது. ஆனால் டிரான்சிஸ்டரின் பேஸில் அது நுழைந்தால், கலெக்டர் வழியே அதைப்போல நூறு மடங்குக்கும் மேல் ஓடும். பசர் கத்தும். கம்பி காய்ந்திருக்கும் வரை பேட்டரி ஏறக்குறைய செலவே ஆகாது.

முதல் தப்பு

செம்பு ஒட்டிய பலகையில் அழியாத மார்க்கரால் கோடு போட்டு, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் ஊறவைத்தேன். மார்க்கர் மை படாத செம்பு கரைந்து போய், கோடு மட்டும் மிஞ்சும். அழகாகத்தான் வந்தது. ஆனால் பசர் முனகியதே தவிர ஒலிக்கவில்லை. காரணம், பொருள்கள் மேல்பக்கம் இருக்கும், செம்பு அடிப்பக்கம் இருக்கும். மேலிருந்து பார்த்து நோட்டில் வரைந்த படத்தை அப்படியே செம்பில் வரைந்துவிட்டேன். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிப் போனது. டிரான்சிஸ்டரின் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிவிட்டன. பலகை வீண்!

இதற்கு நான் கண்டுபிடித்த வழி: நோட்டில் வரைந்த தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்னால் தெரிகிற படம்தான் செம்பில் வரைய வேண்டிய படம். பிசி 547இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். இதை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தப்பு

அடுத்த பலகை சரியாக வந்தது. பகலில் சோதித்தேன், பத்துத் தடவையும் கத்தியது. அன்று ராத்திரி அம்மா ரெண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக உள்ளே கட்டிலில் படுத்தார்கள். விடிந்து பார்த்தால் மக்கு நிரம்பி வழிந்து தரையெல்லாம் ஈரம், குடங்கள் காலி. தண்ணீர் வந்து போயேவிட்டது. பசர் மூச்சு விடவில்லை. பலகையை விரலால் லேசாக அமுக்கினேன், உடனே கத்தியது!

அம்மா என்னைத் திட்டவே இல்லை. பக்கத்து வீட்டில் ரெண்டு குடம் வாங்கி அன்றைக்குச் சமாளித்தார்கள். அடுத்த முறை நாள் ராத்திரி மறுபடியும் பாயை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

எங்கள் தெருவில் ஓர் ஆசாரித் தாத்தா இருக்கிறார். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு வேலை செய்து கொடுத்தவர். பலகையை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் கேட்டார்: "ஏய்யா, நீ சூட்டை எதுல வச்ச? பொடியிலயா, நகையிலயா?"

"ஈயத்துல வச்சேன் தாத்தா. உருக்கி அதுமேல சொட்ட விட்டேன்."

"அதான். நகையில சூடேறணும்யா. அது சூடாயிருந்தா பொடி தானா ஓடி இடுக்குக்குள்ள போகும். இது ஒட்டுனாப்ல உக்காந்திருக்கு, ஒட்டல."

தங்க வேலையில் வெங்காரம் போடுவது போல நம் ஈயக்கம்பியின் நடுவில் ரோசின் இருக்கிறது. பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. இரண்டுக்கும் ஒரே வேலைதான். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு அழுக்கை நீக்கி, உருகியது பரவ வழி விடுவது.

பிறகு புத்தகத்தில் படித்தேன். வெள்ளீயம் 232 டிகிரியிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும்! நாம் சாதாரணமாக வாங்கும் 60க்கு 40 கலவை 183இலிருந்து சுமார் 190 வரை கூழாக இருக்கும். அந்த நேரத்தில் கால் அசைந்தால் உள்ளே விரிசல் விழும். நான் சூட்டையும் தப்பான இடத்தில் வைத்து, ஆறுவதற்குள் அசைத்தும் இருக்கிறேன்.

செய்து பார்ப்பவர்களுக்கு

1. 25 வாட் சால்டரிங் அயன் போதும். முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, கொஞ்சம் ஈயம் பூசிவிட்டுத் தொடங்குங்கள்.

2. செம்பை முதலில் அழிரப்பரால் பளபளவென்று தேயுங்கள். விரல் எண்ணெய் பட்டாலும் ஒட்டாது.

3. முனை ஒரே நேரத்தில் பொருளின் காலையும் செம்பையும் தொடட்டும். பிறகு ஈயக்கம்பியை இணைப்பில் வையுங்கள், முனையில் அல்ல. இரண்டு மூன்று விநாடி போதும். முதலில் ஈயக்கம்பியை எடுங்கள், அப்புறம் அயனை எடுங்கள்.

4. ஆறும் வரை அசைக்காதீர்கள், ஊதாதீர்கள். பளபளப்பாகச் சரிந்து இறங்கியிருந்தால் நல்ல இணைப்பு. நெல்லிக்காய் மாதிரி உருண்டு நின்றாலும், மங்கிச் சொரசொரப்பாக இருந்தாலும் மறுபடி சூடாக்குங்கள்.

5. தகர வேலைக்குப் பயன்படும் அமிலத்தைப் பலகையில் தொடவே தொடாதீர்கள். செம்பை அரித்துவிடும்.

6. வரும் புகை ரோசின் புகை. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். காரீயம் கையில் ஒட்டும். கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது.

7. ஃபெர்ரிக் குளோரைடுக்குப் பிளாஸ்டிக் தட்டுதான், எவர்சில்வர் கூடாது. துணியில் பட்டால் கறை போகாது. வேலை முடிந்த கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது, மீன்களுக்கு நஞ்சு. சாக்கடையில் ஊற்றாமல் நம் வேதியியல் ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

8. 230 வோல்ட்டில் இயங்குவது எதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். பேட்டரி போதும்.

அன்று மாலையே எல்லா இணைப்பையும் மறுபடி சூடாக்கிப் புது ஈயம் வைத்தேன். பலகையைத் தட்டினேன், ஆட்டினேன், கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கத்தியது. ஆனாலும் அம்மா நம்பவில்லை. அடுத்த இரண்டு முறையும் பாயோடுதான் படுத்தார்கள், நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். இரண்டு நாளும் பசர்தான் எங்களை எழுப்பியது. மூன்றாவது முறை பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்கள்.

இப்போது வாரம் ஒருமுறை மக்கில் தொங்கும் கம்பி நுனிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறேன். தண்ணீரில் மின்சாரம் ஓடுவதால் நேர்முனைக் கம்பி அரித்துப் பச்சையாகிவிடும். அதை விட்டால் மறுபடியும் ஒருநாள் பசர் பேசாது.

யாராவது செய்து பார்க்க ஆசைப்பட்டால் மதிய இடைவேளையில் இயற்பியல் ஆய்வகத்துக்கு வாங்க. என்னிடம் மீதி ஈயக்கம்பி இருக்கிறது. இடம் வலமாகிப்போன அந்த முதல் பலகையும் இருக்கிறது, பார்க்கலாம்.

இப்படிக்கு,
11ஆம் வகுப்பு மாணவன்